பெயர் வைத்த மரமும் கோயில் காத்த மனிதரும்



"தெய்வம் எங்கும் நிறைந்ததுதானே? பெரிய கோயில் ஒன்று இருந்தால் போதாதா? தெருக்கோடியில் சின்னக் கோயில் எதற்கு?" என்று ஒரு அன்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்கு நம் ஆன்றோர் வாக்கிலிருந்தே பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த முறை அடியேன் உங்களை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். ஏன் தெரியுமா? இதே கேள்வியை அங்கே ஓர் அரசாங்கமே கேட்டது. கேட்டதோடு விடவில்லை. ஏறத்தாழ 70,000 கோயில்களை மூடியும் விட்டது! அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு முன்னால் அந்தச் சின்னக் கோயில் ஜப்பானியர் வாழ்க்கையில் எப்படி ஊறிக் கிடக்கிறது என்று பார்க்கணும். அது தெரியாவிட்டால் மூடினதன் வலி நமக்குத் தெரியாது.

ஷின்டோ என்பது அந்த மண்ணின் பழைய வழிபாடு. இன்னார் தோற்றுவித்தார் என்று சொல்ல ஒருவர் இல்லை. இதுதான் வேதம் என்று எடுத்துக் காட்ட ஒரே நூலும் இல்லை. தெய்வத்துக்குக் 'காமி' என்று பெயர். காமி குடியிருக்கும் கோயில் 'ஜின்ஜா'. எது காமி? 18-ஆம் நூற்றாண்டில் மோதோரி நோரினாகா என்ற அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வழக்கத்தை மீறிய தன்மையால் நம்மை வியக்க வைப்பதும் நடுங்க வைப்பதும் எதுவோ அது காமி என்றார். மலையாக இருக்கலாம், மரமாக இருக்கலாம், இறந்துபோன மனிதராகக்கூட இருக்கலாம். எண்பது லட்சம் காமிகள் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல, எண்ண முடியாது என்பதற்காகச் சொன்னது.

நாரா பக்கத்தில் ஓமிவா என்று ஒரு பழம்பெரும் கோயில். அங்கே போய்க் கருவறையைத் தேடினால் கிடைக்காது. எதிரே நிற்கும் மிவா மலையே தெய்வம், அதற்கு எதற்குக் கூரை? குமானோ பகுதியில் நாச்சி அருவி 133 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த அருவியேதான் அங்கே மூலவர். நின்று பார்த்தால் கை தானாகக் குவிகிறது.

பெரிய கோயில்களைப் பற்றி ஊரே எழுதுகிறது. அடியேன் சொல்ல வந்தது தெருக்கோயில். மகள் வேலை காரணமாக ஓசாகாவில் இருந்த சமயத்தில் ஆறு வாரம் அங்கே தங்கியிருந்தேன். வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கோயில். நாலு பெரிய மரம், ஒரு மரவீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் இரண்டு கால் நட்டுக் குறுக்கே கட்டை போட்ட 'தோரி' என்ற நுழைவாயில். அவ்வளவுதான். காலையில் அலுவலகம் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வராமல், தோரிக்கு வெளியிலேயே ஒரு தரம் குனிந்துவிட்டுப் போவார்கள். மூன்று விநாடிகூட ஆகாது. ஒரு பாட்டி தினமும் ஆறு மணிக்கு வந்து சருகு கூட்டுவார். "சம்பளத்துக்கா?" என்று மகளிடம் கேட்டேன். "இல்லப்பா, அவங்க இந்தத் தெரு" என்றாள். அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் அந்தக் காமியின் பிள்ளைகள். 'உஜிகோ' என்று அதற்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போகும் முறையைச் சொல்கிறேன். தோரியைத் தாண்டினால் பாதையின் நடுவில் நடக்க மாட்டார்கள், அது காமி நடக்கும் வழி. ஓரமாக நடப்பார்கள். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. ஒரே ஒரு அகப்பைத் தண்ணீர். முதலில் இடது கை, பிறகு வலது கை. பிறகு இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளிக்கணும், அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து பிடியையும் கழுவிவிடும். எதற்கு? அடுத்து வருகிறவர் பிடிக்கப்போகிற இடம் அது! தன்னைச் சுத்தம் செய்ததோடு முடியவில்லை பாருங்கள். பிறகு சந்நிதி. காணிக்கைப் பெட்டியில் காசு. ஐந்து யென் நாணயத்தைத் தேடிப் போடுவார்கள். அவர்கள் மொழியில் 'கோ-என்' என்றால் ஐந்து யென் என்றும் பொருள், நல்ல தொடர்பு, பந்தம் என்றும் பொருள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிந்தால் வழிபாடு முடிந்தது. இசுமோவின் பெருங்கோயிலில் நான்கு முறை கைதட்டுவது மரபு.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் பாட்டி கையில் ஏந்திக்கொண்டு வருகிறார், 'உன் ஊருக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறது' என்று காமிக்கு அறிமுகம் செய்ய. மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் நவம்பர் 15-ஐ ஒட்டிப் பட்டுடுத்திக் கூட்டி வருகிறார்கள். ஆயிரம் ஆண்டு வாழணும் என்று நீளமான மிட்டாய் ஒன்றை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். வீடு கட்ட மனை பார்த்தால் பூசகர் வந்து நாலு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அந்த மண்ணின் தெய்வத்திடம் அனுமதி கேட்கிறார். புத்தாண்டில் டோக்கியோவின் மெய்ஜி கோயிலுக்கு முதல் மூன்று நாளில் மட்டும் 30 லட்சம் பேர்வரை வருவதுண்டு. நுகர்ந்து தள்ளும் நகரம், இயந்திர வாழ்க்கை என்றெல்லாம் நாம் படித்த அதே டோக்கியோதான்.

சாவுக்கு மட்டும் ஜின்ஜா கிடையாது. சாவு தீட்டு. வீட்டில் துக்கம் நடந்தால் வீட்டிலுள்ள சின்னக் காமி மாடத்தை வெள்ளைத் தாளால் மறைத்துவிடுவார்கள். ஈமச்சடங்கைப் பெரும்பாலும் பௌத்தத் துறவிகள் நடத்துகிறார்கள். பிறந்தால் ஜின்ஜா, போனால் பௌத்தக் கோயில். இதில் முரண்பாடு இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை!

இனி கதைகள். தெய்வம் என்றால் கதை இல்லாமலா?

சோமின் ஷோராய் என்று ஓர் ஏழை. அவருடைய சகோதரர் பணக்காரர். ஒரு நாள் பயணக் கோலத்தில் ஒருவர் வந்து பணக்காரரிடம் இரவு தங்க இடம் கேட்டார். மறுத்துவிட்டார். ஏழை சோமின் வைக்கோல் பரப்பி உட்காரவைத்து, தினைக் கஞ்சி ஊற்றினார். வந்தவர் காமி. பின்னொரு நாள் திரும்பி வந்து, "உன் வீட்டார் இடுப்பில் கோரைப்புல் வளையம் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார். அன்றிரவு வந்த கொள்ளை நோயில் வளையம் கட்டினவர்கள் மட்டும் பிழைத்தார்கள். இந்தக் கதை ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் முந்தைய நிலவரலாற்று ஏடு ஒன்றின் எஞ்சிய பகுதியில் இருக்கிறது. கதை ஏட்டோடு நிற்கவில்லை. இன்றும் ஜூன் 30-ஐ ஒட்டிக் கோயில் முன்னால் ஆள் உயரத்துக்கும் பெரிய புல் வளையம் கட்டி நிறுத்துகிறார்கள். அரையாண்டு அழுக்கெல்லாம் போகட்டும் என்று இடமும் வலமுமாகச் சுற்றி அதற்குள் நுழைந்து வருகிறார்கள். இசே பகுதியில் புத்தாண்டுக்குக் கட்டும் வைக்கோல் கயிற்றை வருடம் முழுக்கக் கழற்றுவதில்லை. அதில் தொங்கும் மரப்பலகையில் 'இது சோமின் ஷோராய் வழிவந்தோர் வீடு' என்று எழுதியிருக்கும். எந்தப் பெரிய வீரனையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வேளைக் கஞ்சி ஊற்றிய ஏழையின் பிள்ளைகள் என்று சொல்லி நோயை வாசலில் நிறுத்துகிறார்கள்!

கியோட்டோவின் கியோன் திருவிழாவிலும் இதே பெயர்தான். 869-இல் நாட்டில் கொள்ளை நோய் பரவியபோது, அன்றிருந்த மாநிலங்களின் எண்ணிக்கைப்படி 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டதில் தொடங்கியது அந்த விழா. இன்றும் ஜூலை மாதம் தேர்கள் ஓடுகின்றன. அப்போது மூங்கில் இலையில் கட்டிய காப்பு ஒன்றை வாங்கி வாசலில் தொங்கவிடுவார்கள். அதிலும் சோமின் பெயர்ச்சீட்டு இருக்கும்.

இன்னொரு கதையில் கோபமே அருளாக மாறுகிறது. சுகவாரா நோ மிச்சிசானே பெரும் புலவர், அமைச்சர். எதிரிகள் கோள் சொல்ல, 901-இல் தலைநகரிலிருந்து தூர தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903-இல் மனம் உடைந்து அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு அவரை வீழ்த்தியவர் இளவயதில் போனார். பட்டத்து இளவரசர் போனார். 930-இல் அரண்மனை மண்டபத்தில் இடி விழுந்து பிரபுக்கள் மாண்டார்கள். நடுங்கிப்போனவர்கள் அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கியோட்டோவின் கித்தானோவில் 947-இல் கோயில் எழுந்தது. இடி விழவைத்த அந்த ஆவிதான் இன்று கல்வித் தெய்வம்! பரீட்சைக் காலத்தில் அங்கே போய்ப் பாருங்கள். 'எமா' என்ற சின்ன மரப்பலகையில் பிள்ளைகள் கல்லூரிப் பெயரை எழுதிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய காலத்தில் உயிருள்ள குதிரையைக் காணிக்கை தந்தார்கள், பிறகு குதிரைப் படம் வரைந்த பலகையாயிற்று, இப்போது அதில் பொறியியல் கல்லூரிப் பெயர் இருக்கிறது. தெய்வம் என்ன செய்யும், வந்ததை வாங்கிக்கொள்கிறது.

பழைய கணக்கில் பத்தாவது மாதம் நாட்டிலுள்ள காமிகள் எல்லோரும் இசுமோவுக்குக் கூட்டத்துக்குப் போய்விடுவார்களாம். மற்ற ஊர்களில் அந்த மாதத்துக்குப் பெயரே 'காமி இல்லா மாதம்'. இசுமோவில் மட்டும் 'காமி இருக்கும் மாதம்'. வந்தவர்கள் தங்க அந்தக் கோயிலில் கிழக்கிலும் மேற்கிலும் நீண்ட விடுதிகள்கூட உண்டு. யாருக்கும் யாருக்கும் முடிச்சு என்பதை அங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்களாம். வணிகர்களுக்கும் மீனவர்களுக்கும் உகந்த எபிசு மட்டும் போக மாட்டார். அவருக்குக் காது மந்தம், அழைப்பு கேட்கவில்லை என்று சில ஊர்களில் சொல்வார்கள். ஆனால் எல்லோரும் போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே! காது கேளாத தெய்வம் நம்மோடு இருந்துவிட்டது என்பதில் அந்த மக்களுக்கு ஒரு தனி ஆறுதல்.

முருகனடியார்களாகிய நாம் இங்கே ஒரு நிமிடம் நிற்கணும். ஜப்பானில் 'இதாதென்' என்று ஒரு தெய்வம். ஸ்கந்தன் என்ற வடமொழிப் பெயர் பௌத்தத்தோடு சீனம் போய், எழுத்து மாறி, ஒலி திரிந்து ஜப்பான் சேர்ந்த வடிவம் அது. கவசம் அணிந்த இளம் வீரன். புத்தரின் திருப்பல்லைத் திருடிக்கொண்டு ஓடிய அரக்கனைத் துரத்திப் பிடித்தவர். வேகமாக ஓடுகிறவரை அங்கே 'இதாதென் மாதிரி ஓடுகிறான்' என்பார்கள். ஜென் மடங்களின் சமையற்கட்டில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் அவர் இருப்பது பௌத்த மடத்தில், ஜின்ஜாவில் அல்ல. நம் கலைமகளோ பென்சைதென் என்ற பெயரில் வீணைக்குப் பதில் 'பிவா' என்ற யாழை ஏந்தி, தீவுகளிலும் குளக்கரைகளிலும் காமிகளோடு காமியாகவே அமர்ந்துவிட்டாள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பௌத்தமும் ஷின்டோவும் ஒரே வளாகத்தில், ஒரே விளக்கில் இருந்தன. யாரும் கோடு கிழித்துப் பிரிக்கவில்லை.

கோடு கிழித்தது அரசாங்கம். 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் காமி வேறு, புத்தர் வேறு என்று பிரிக்கச் சொல்லி ஆணை வந்தது. பென்சைதென் இருந்த பல கோயில்களில் அவள் பெயரை மாற்றிப் பழைய ஜப்பானியத் தேவியின் பெயரைச் சூட்டினார்கள். பௌத்தச் சிலைகள் பல இடங்களில் உடைக்கப்பட்டன. கோயில்கள் அரசுக்கு உட்பட்டன, தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பக்தி அரசாங்கத்தின் கைக்குப் போன அந்தப் பாதை எங்கே போய் முடிந்தது, போர்க்காலத்தில் அந்தத் தெய்வங்களின் பெயரால் என்னென்ன நடந்தது என்பதெல்லாம் உலகம் அறிந்தது. அடியேன் அதற்குள் போகவில்லை.

1906-இல் அடுத்த ஆணை. கணக்கெடுத்தால் நாட்டில் சுமார் 1,90,000 ஜின்ஜாக்கள். பலவற்றுக்கு நிலையான பூசகர் இல்லை, நிதி இல்லை, கூரை ஒழுகுகிறது. அதிகாரிகள் யோசித்தார்கள்: இத்தனை எதற்கு? ஓர் ஊராட்சிக்கு ஒரு கோயில் போதும். எல்லாக் காமிகளையும் கொண்டுவந்து அங்கே வையுங்கள். செலவு மிச்சம், கோயிலும் கம்பீரமாக இருக்கும், பக்தியும் பெருகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. கோயிலை மூடினால் அதன் தோப்பு சும்மா நிற்கும். முந்நூறு, நானூறு ஆண்டு மரங்கள். வெட்டினால் காசு! சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 கோயில்கள் போயின. எல்லா மாநிலமும் ஒரே வேகத்தில் செய்யவில்லை. மிகக் கடுமையாக நடந்தது எங்கே தெரியுமா? இசே பெருங்கோயில் இருக்கும் மியே மாநிலத்திலும், நாச்சி அருவி இருக்கும் வக்காயாமா மாநிலத்திலும். மியேயில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தவை ஆயிரத்துக்கும் கீழே இறங்கின.

அப்போதுதான் ஒரு மனிதர் எழுந்தார்.

வக்காயாமாவில் 1867-இல் ஒரு இரும்புச் சாமான் வியாபாரியின் வீட்டில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் ஃபுஜிஷிரோ என்று ஒரு ஜின்ஜா, அதில் ஒரு மாபெரும் கற்பூர மரம். அந்த மரமே காமி. பிள்ளை நோஞ்சானாகப் போய்விடக் கூடாதென்று அந்தக் கோயிலிலிருந்து ஒரு எழுத்து வாங்கிப் பெயரில் சேர்ப்பது வழக்கம். ஃபுஜிஷிரோவின் 'ஃபுஜி', குமானோவின் 'குமா', கற்பூர மரத்தின் 'குசு', இவற்றில் ஏதாவது ஒன்று. இந்தப் பிள்ளைக்கு இரண்டு சேர்த்து வைத்தார்கள்: குமாகுசு. மினாகாத்தா குமாகுசு. நாலு வயதில் கடும் நோய் வந்தபோது விடியுமுன்னே முதுகில் சுமந்துபோய் அந்த மரத்தின் முன் கிடத்தி வேண்டினார்கள். பிழைத்தது பிள்ளை. கற்பூர மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குச் சொல்லத் தெரியாத ஓர் உணர்வு வருகிறது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

சாமியார் அல்ல அவர், நன்றாகக் கவனியுங்கள். விஞ்ஞானி. அமெரிக்கா போய், லண்டன் போய், எட்டு ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பல மொழி நூல்களைக் கரைத்துக் குடித்தவர். 'நேச்சர்' இதழில் ஐம்பது கட்டுரைகள் அளவுக்கு எழுதியவர். மகா முன்கோபி. அந்த நூலகத்திலேயே ஒருவரை அடித்து வெளியேற்றப்பட்டவர்! 1900-இல் ஊர் திரும்பி, தனாபே என்ற கடலோர ஊரில் குடியேறி, சளிப்பூஞ்சை என்ற நுண்ணுயிரைத் தேடி மட்கின மரங்களில் கண்ணை வைத்துக்கொண்டு காட்டில் திரிந்தார். அந்த உயிர் எங்கே கிடைக்கும்? யாரும் கோடரி வைக்காத இடத்தில். யாரும் கோடரி வைக்காத இடம் எது? கோயில் தோப்பு! அவர் ஒரு புதிய இனம் கண்டெடுத்த சின்னக் கோயில் ஒன்று, ஒருநாள் போய்ப் பார்த்தால் மூடிக் கிடக்கிறது, மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அன்று எடுத்தார் பேனாவை.

1909 முதல் உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை மேல் கட்டுரை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஊர்ப் பள்ளியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு இந்த வேலையில் முன்நின்ற அதிகாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உள்ளே நுழைய முயன்று, கையிலிருந்த பையைத் தூக்கி வீசினார். குடித்துவிட்டுத்தான் போனார், அதை மறைப்பதற்கில்லை. 18 நாள் காவலில் வைத்தார்கள். உள்ளே இருந்தபோதும் அந்தக் கட்டடத்தில் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அப்படியொரு பித்து.

ஆனால் அவர் எழுத்தில் பித்து இல்லை. 1911-இல் அவர் எழுதிய நீண்ட கடிதங்களை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் யானாகித்தா குனியோ அச்சடித்து முக்கியமானவர்களுக்கு அனுப்பினார். அந்த வாதங்களில்தான் நம் அன்பர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. கோயில்களைச் சேர்த்தால் பக்தி பெருகும் என்பது பொய் என்றார். கிழவர்களும் பெண்களும் சிறு பிள்ளைகளும் மலை தாண்டி எட்டாத தூரத்துக்கு எப்படிப் போவார்கள்? போகாமல் விடுவார்கள், விட்டது விட்டதுதான். ஒரு கிராமத்துக் காமியை இன்னொரு கிராமத்தில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு ஊருக்கும் சண்டை வரும். திருவிழா நின்றால் சந்தை நிற்கும், ஊர் படுத்துவிடும். தோப்பை வெட்டினால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் பயிர் போகும். தீ பிடித்தால் ஊரார் ஓடி ஒதுங்க இடம் இருக்காது. மரம் போனால் மரத்தின் கதை போகும், கதை போனால் அந்த இடத்தில் முன்னோர் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஏது? மாநில ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் 'எக்காலஜி' என்ற சொல்லையே பயன்படுத்தினார். சூழலியல் என்ற பேச்சு உலகத்திலேயே குழந்தையாக இருந்த காலம் அது!

அடியேனுக்கு இதில் மிகவும் பிடித்தது அவர் சொன்ன முதல் விஷயம். எட்டாத தெய்வத்தை யாரும் வெறுப்பதில்லை. மெல்ல மறந்துவிடுகிறார்கள். சைக்கிளை நிறுத்தி மூன்று விநாடி குனிகிறவருக்கு, கோயில் நடக்கிற வழியில் இருக்கணும். முப்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கக் கூரை போட்டு வைத்தாலும் அந்த மூன்று விநாடி திரும்பி வராது.

ஜெயித்தாரா? பாதி. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, வேகம் தணிந்தது, 1920-இல் மேலவை இந்த இணைப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தீர்மானம் போட்டது. அதற்குள் போனவை போய்விட்டன. அவருடைய தந்தைவழி ஊரின் கோயிலையே அவரால் காப்பாற்ற முடியவில்லை, 1913-இல் அதையும் வேறு கோயிலோடு சேர்த்துவிட்டார்கள். குமானோ யாத்திரைப் பாதையில் நோனாகா என்ற இடத்தில் பெரிய தேவதாரு வகை மரங்கள் நிறைய நின்றன. அவர் மன்றாடிக் காத்தது போக மிஞ்சியவை ஒன்பது. அந்த ஒன்பதும் நாச்சி இருக்கும் தெற்குப் பக்கமே கிளை நீட்டி நிற்கின்றன. அருவிக் காமியைப் பார்த்துக் கும்பிடுகின்றன என்று ஊரார் சொல்வார்கள். வெயில் பக்கம் வளர்ந்தது என்று குமாகுசுவே சொல்லக்கூடும், அவர் அப்படிப்பட்ட ஆள்தான்! 2004-இல் அந்தப் பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாதையில் நடக்கிற வெளிநாட்டார் அந்த மரங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போருக்குப் பின் அரசு கோயில்களை விட்டு விலகியது. சில கிராமங்களில் மக்கள் அனுப்பிவைத்த காமியைத் திரும்ப அழைத்து வந்து பழைய இடத்திலேயே குடியமர்த்தினார்கள். இப்போது வேறு சோதனை. ஏறத்தாழ 80,000 ஜின்ஜாக்கள் இருக்கின்றன, பூசகர்களோ இருபதாயிரம் பேர் அளவுக்குத்தான். ஒரே பூசகர் பத்து, இருபது கோயில்களைப் பார்க்கிறார். மலைக் கிராமங்களில் இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், தெய்வப் பல்லக்கைத் தூக்கத் தோள் இல்லை. இந்த முறை மூடச் சொல்லி ஆணை போட யாரும் இல்லை. ஆணை இல்லாமலே மூடிக்கொண்டு வருகின்றன. குமாகுசு இருந்தாலும் பையை யார் மேல் வீசுவார்?

தனாபே விரிகுடாவில் காஷிமா என்று ஒரு குட்டித் தீவு. காமியின் தோப்பு என்பதால் யாரும் கைவைக்காத காடு. கோயிலைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள், காட்டையாவது விடுங்கள் என்று போராடி, வெட்டாமல் நிறுத்தினார் குமாகுசு. 1929 ஜூன் 1 அன்று ஜப்பானியப் பேரரசரே அந்தத் தீவுக்கு வந்தார். அவரும் உயிரியல் ஆராய்ந்தவர். மழையில் தீவைக் காட்டிவிட்டு, கப்பலில் வைத்துப் பேரரசருக்குப் பாடம் சொன்னார் இந்த முன்கோபி. 110 மாதிரிகளைக் காணிக்கையாகத் தந்தார். பேரரசருக்குக் கொடுப்பதென்றால் நல்ல மரப் பேழையில்தானே கொடுப்பார்கள்? இவர் மிட்டாய்க் கடையின் காலி கேரமல் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்! பேரரசர் அதை வெகுநாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாராம்.

1941 டிசம்பரில் குமாகுசு காலமானார். 1962-இல் பேரரசர் மறுபடி அந்தக் கடற்கரைக்கு வந்தார். அன்றும் மழை. தூரத்தில் காஷிமா தெரிந்தது, காடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்து ஒரு சிறு பாட்டு எழுதினார். மாமன்னர் பாட்டில் சாதாரணக் குடிமகனின் முழுப் பெயர் வருவது அபூர்வம். அந்தப் பாட்டில் மினாகாத்தா குமாகுசு என்று முழுசாக வருகிறது. 'குமா'வும் இருக்கிறது, கற்பூர மரத்தின் 'குசு'வும் இருக்கிறது.